பூங்காவனத்தின் முப்பத்திரண்டு முட்டைகளும் இடைநிலைக் கணக்கியலும்

ஒரு காட்டில், குளத்தங்கரையில், தேன் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருந்தது. சங்கம் என்று இருந்தால் அதில் ஒரு தற்காலிக ஊழியர் இருக்கத்தானே வேண்டும். இந்தச் சங்கத்தில் அது பூங்காவனம் என்கிற ஆமை. வயது தொண்ணூற்றாறு. கணக்கர் வேலை. நாற்பத்தொரு வருஷமாகத் தற்காலிகம். ஆமைக்கு நாற்பத்தொரு வருஷமெல்லாம் ஒரு காலமா என்று நிர்வாகம் நினைத்தது. பூங்காவனம் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

சம்பளம் மாதம் அரைக் கிண்ணம் தேன். பூங்காவனத்துக்குத் தேனே பிடிக்காது. பிறகு எதற்கு அந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்றால், கிடங்குக்குப் பின்னால் முள்வேலி போட்ட ஒரு மணல்திட்டு இருந்தது. ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று பலகை தொங்கும். அந்தக் காட்டில் நரி நுழைய முடியாத மணல் அது ஒன்றுதான். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அவள் வெளியே இட்ட முட்டைகளில் ஒன்றுகூடக் குஞ்சாகவில்லை. உள்ளே இட ஆரம்பித்த பிறகுதான் தன் பிள்ளைகளின் முகத்தையே பார்த்தாள்.

இந்த வருஷமும் முப்பத்திரண்டு முட்டை இட்டு, மணலைத் தள்ளி மூடினாள். மறுநாள் காலை சுற்றறிக்கை வந்துவிட்டது. ‘கணக்கர் பதவியில் இருப்போர் இந்தப் பருவத்துக்குள் இடைநிலைக் கணக்கியல் தேற வேண்டும். தேறாதவர் இடத்தில் தேறியவர் நியமிக்கப்படுவார்.’ கீழே மேலாளர் நரியின் கையெழுத்து. அந்த மை காய்வதற்குள் அந்தப் பதவிக்கு ஒரு விண்ணப்பமும் வந்துவிட்டது. அனுப்பியவர் மேலாளரின் மனைவியுடைய தம்பி, நரி கோமதிநாயகம். காதோரம் நரைத்தும் இதுவரை ஒரு வேலைக்கும் போகாதவர். அவருக்கும் தேன் பிடிக்காது.

பூங்காவனம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முட்டை பொரிய நாலு மாதம். தேர்வு மூன்றாம் மாதம். நடுவில் அந்த ஒரு மாதம் வேலை போனால் பிள்ளைகள் போச்சு. அன்றே படிப்பு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள்.

கல்லூரி காட்டின் மறுகோடியில் ஒரு குகையில் இருந்தது. ஹைப்ரிட் முறை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி குகைக்கு வர வேண்டும். செவ்வாய், வியாழன் வீட்டிலிருந்தே போனில் வகுப்பு. குரங்குகள் இதைக் கேட்டதும், இரண்டுக்கும் வர வேண்டாம் என்று புரிந்துகொண்டு போய்விட்டன. பூங்காவனத்துக்கு வேறு சிக்கல். குகையிலிருந்து குளத்துக்கு அவள் நடையில் நாலு நாள். திங்கள் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெள்ளியாகிவிடும்.

ஒரு மணி நேரம் யோசித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடுதான் முதுகிலேயே இருக்கிறதே. குகையிலேயே தங்கிவிட்டாள். திங்கட்கிழமை தலையை வெளியே நீட்டிப் பாடம் கேட்டாள். செவ்வாய்க்கிழமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டுக்குள் போனை வைத்து, வீட்டிலிருந்தபடி பாடம் கேட்டாள். ஒரு நாள்கூட விடவில்லை.

பாடம் எடுத்தவர் பேராசிரியர் நல்லசிவம். அவர் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், பெரிய படிப்பாளி, தங்கமான குணம். ஒரே ஒரு பழக்கம்தான். யாராவது சந்தேகம் கேட்டால் உடனே பந்து மாதிரி சுருண்டுவிடுவார். மணி அடித்த பிறகுதான் விரிவார். குகையிலாவது பரவாயில்லை, சுருண்டுவிட்டார் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போன் வகுப்பில் திரை முழுக்கச் செதிலாக நிற்கும். சார் சுருண்டிருக்கிறாரா, நெட்வொர்க் உறைந்திருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. “சார், கேக்குதா சார்?” என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும்.

இப்படிப்பட்ட வகுப்பில் கோமதிநாயகமும் தவறாமல் வந்து உட்கார்ந்தார். அந்த மணல்திட்டை நினைத்துக்கொண்டு மழையில்கூட வந்தார். ஆனால் ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் குகை வாசலில் அவருடைய நோட்டு விரிந்து கிடந்ததைப் பூங்காவனம் பார்த்துவிட்டாள். தேய்மானத்தை வரவுப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தார்.

அவளுக்கு உடம்பு கூசியது. இந்த நரி எதற்காகப் படிக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பேசாமல் போயிருக்க வேண்டும். நாலு அடி போகவும் செய்தாள். ஆனால் தப்பான பதிவு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் போவது அவளால் ஆகிற காரியமில்லை. நாற்பத்தொரு வருஷத்துப் பழக்கம் அது. திரும்பி வந்தாள்.

“தம்பி, தேய்மானம் பற்றுல வரணும்.”

“ஏன்க்கா?”

ஏன் என்று அதுவரை அந்தக் குகையில் ஒருவர் கேட்டு, அதற்கு இன்னொருவர் பதில் சொன்னதே இல்லை. பூங்காவனம் உட்கார்ந்து சொன்னாள். நரி வாயைப் பிளந்து கேட்டது. அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்ததும் நோட்டோடு வந்துவிடும். “அக்கா, ஒரு சின்ன டவுட்டு.” அவளும் சொல்லுவாள். தன்மேலேயே கோபம் வரும். இருந்தாலும் சொல்லுவாள்.

“வவுச்சர் இல்லாம ஒரு மிளகைக்கூட வாயில போடக் கூடாது தம்பி.”

“சரிக்கா.”

“ரெண்டு பக்கமும் டேலி ஆகலைன்னா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல வைக்கணும். அனாமத்துல இருக்கிறதை, தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

“அவசரப்பட்டுத் தொட்டுட்டா?”

“அந்தக் கணக்கு என்னைக்கும் டேலி ஆகாது.”

நரிக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. அதை அனாமத்துக் கணக்கு என்ற தலைப்பின் கீழ் சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டது.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். வருகைப்பதிவு எழுத்தர் வேதவல்லி என்கிற கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி பதிவேட்டைப் புரட்டினாள்.

“பூங்காவனமா? உங்களுக்கு ஹால் டிக்கெட் இல்லம்மா. வருகை சுழியம்.”

“ஒரு நாள்கூட விடலையேம்மா.”

“அதாம்மா பிரச்சினை. இது கணக்கியல் துறை. வருகையையும் இரட்டைப் பதிவுலதான் எழுதுவோம். வகுப்புல ஒருத்தர் கூடினா வீட்டுல ஒருத்தர் குறையணும். திங்கக்கிழமை வகுப்புக்கு வந்தீங்க. வீட்டுல குறைஞ்சீங்களா?”

பூங்காவனம் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தாள். “இல்ல.”

“செவ்வாய்க்கிழமை வீட்டுல இருந்தீங்க. வகுப்புல குறைஞ்சீங்களா?”

“குகையிலதான் இருந்தேன்.”

“பாத்தீங்களா. ரெண்டு பக்கமும் நீங்க. ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சா மிச்சம் சுழியம்.”

“வருகைக் குறைவுக்குக் கண்டொனேஷன் பணம் கட்டிடறேனே.”

“எழுபது சதவீதம் இருக்கிறவங்க கட்டலாம். சுழியத்துக்கு ரசீது போட வழியில்ல.”

பூங்காவனத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, கொக்கு சொன்ன பதிவில் அவளால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நாற்காலியில் அவள் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். வித்தியாசத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். கொக்கு ஓர் ஆணையை நீட்டியது. ‘பூங்காவனம் (ஆமை), மற்றும் அவரைச் சார்ந்த அனைத்தும், வித்தியாசம் கண்டறியப்படும்வரை அனாமத்து. நகல்: தேன் கூட்டுறவுச் சங்கம்.’

தேர்வு நடந்தது. வகுப்பில் எல்லோரும் கோட்டை விட்டார்கள், ஒருவரைத் தவிர. கோமதிநாயகம் தொண்ணூற்றொரு மதிப்பெண். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு மதிப்பெண் யாரும் வாங்கியதில்லை. நரி எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு நேரே ஆமையிடம் வந்தது. அதன் கண் கலங்கியிருந்தது.

“எல்லாம் உங்களாலதான்க்கா. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“அப்ப என் முட்டையை விட்டுடு தம்பி.”

நரி கீழே பார்த்தது. “நன்றி வேற, பசி வேற அக்கா. தனித்தனிக் கணக்கு.”

அதுவும் சரியான பதில்தான். பூங்காவனம் எள்ளுருண்டையைத் தொடவில்லை. அப்போதே கிளம்பி நடந்தாள். நாலு நாள் வழியை மூன்றே நாளில் நடந்தாள். ஆமை சாதியில் இதற்கு ஓட்டம் என்று பெயர்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கோமதிநாயகம் பொறுப்பேற்று, இருப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். மேசை ஒன்று. தராசு ஒன்று. தேன் குடம் பதினேழு. மணலுக்கு அடியில் முட்டை முப்பத்திரண்டு. மேலாளர் நரி முள்வேலிக்கு வெளியே நின்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

“ம், தோண்டு மச்சான்.”

கோமதிநாயகம் முன்னங்காலைத் தூக்கினார். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். முட்டை உடைகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.

“அத்தான், இதை எந்தக் கணக்குல எழுதறது?”

“வயித்துக் கணக்குல எழுது.”

“அப்படி ஒரு தலைப்பு இல்ல அத்தான். வவுச்சரும் இல்ல. அதுவும் இல்லாம, இது அனாமத்து.” ஆணையின் நகலை எடுத்துக் காட்டினார். “அவரைச் சார்ந்த அனைத்தும்னு போட்டிருக்கு. தொட்டா என்னைக்கும் டேலி ஆகாது.”

“தள்ளு, நான் தோண்டிக்கறேன்.”

“பலகையைப் பாருங்க. ஊழியர்களுக்கு மட்டும். நீங்க நிர்வாகம். அதோட, இருப்புக்குக் கையெழுத்துப் போட்டது நான். ஒண்ணு குறைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிப்பாங்க.”

“உன்னைப் படிக்க வெச்சேன் பாரு” என்று மேலாளர் தன் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் அன்று அக்காளுக்கும் அத்தானுக்கும் பெரிய சண்டை என்று கேள்வி.

கோமதிநாயகத்துக்கும் பசிதான். நன்றி வேறு, பசி வேறு என்று சொன்னவர், படிப்பும் பசியும் ஒரே உடம்பில் இருப்பதை அன்றுதான் பார்த்தார். பேரேட்டை மடியில் வைத்து அரை நாள் மண்டையைக் குடைந்தார். பிறகு வழக்கம்போலத் திரும்பினார்.

“அக்கா, ஒரு சின்ன டவுட்டு. கிடங்குல இருக்கிற சரக்கு, யாரும் விக்காமலே, தானா குறைஞ்சா என்ன பதிவு?”

இங்கேதான் பூங்காவனத்துக்குச் சோதனை. பதில் அவளுக்குத் தெரியும். இயல்பு இழப்பு என்று ஒரே வரி எழுதினால் போதும், எறும்பு நக்கியது, வெயிலில் வற்றியது எல்லாம் அதில் அடங்கிவிடும். ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாற்பத்தொரு வருஷமாகத் தேன் குறையும்போதெல்லாம் அவளே எழுதிய வரி. அது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தப்பாக எழுதிவிடுவானே என்று மனசு அடித்துக்கொண்டது. அவளையறியாமல் வாய் திறந்தது.

திறந்த வாயோடு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

நரி ஓட்டைத் தட்டியது. “அக்கா, கேக்குதா அக்கா? நெட்வொர்க்கா?” ஓட்டுக்குள்ளிருந்து மூச்சு விடுகிற சத்தம்கூட வரவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த பூங்காவனத்துக்குப் பேராசிரியர் நல்லசிவத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவர் எந்த முட்டையைக் காப்பாற்றச் சுருண்டாரோ, யாருக்குத் தெரியும்.

நாள் போயிற்று. நரி மணல்திட்டின் ஓரத்திலேயே பேரேடும் கையுமாக உட்கார்ந்திருந்தது. இலந்தைப்பழத்தைத் தின்று பசியாறியது, அதற்கும் வவுச்சர் போட்டது. சரியாக நாலாம் மாதம் மணல் அசைந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது. இன்னொரு மூக்கு. முப்பத்திரண்டு குஞ்சும் நரியின் பாதத்தின் மேலேயே ஏறி இறங்கிக் குளத்துக்குள் போய்விட்டன. பூங்காவனம் தலையை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் விக்கி விக்கி அழுதாள்.

நரி பேனாவைத் தூக்கியபடி திகைத்து நின்றது. “அக்கா, அசையாச் சொத்து அசையும் சொத்தா மாறிடுச்சே, இதுக்கு என்ன பதிவு?”

“இதெல்லாம் உயர்நிலைக் கணக்கியல்ல வரும் தம்பி” என்றாள் பூங்காவனம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சேர்ந்து படி. உனக்கு நல்லா வருது.”

நரிக்கு அடுத்த வருஷ முட்டை ஞாபகம் வந்தது. அதற்குள் படித்து முடித்துவிட வேண்டும் என்று கல்லூரிக்கு ஓடியது. முதல் பருவக் கட்டணத்தைப் பூங்காவனம்தான் கட்டினாள். நாற்பத்தொரு வருஷமாகச் சேர்ந்து கிடந்த தேன் முழுவதும் அதற்குச் சரியாக இருந்தது. கட்டுவதற்கு முன்னால் கொக்கிடம் ஒன்றே ஒன்று விசாரித்துக்கொண்டாள். உயர்நிலைக்கும் பாடம் எடுப்பது நல்லசிவம் சார்தான் என்று கொக்கு உறுதி சொன்னது.

நீதி: உங்கள் முட்டையைக் காப்பாற்ற நீங்கள் படிக்க வேண்டியதில்லை. நரி படித்தால் போதும்.