சென்டர் ஹாஃப் கல்யாணத்தில் ஒரு வாழ்த்துரை

ஒரு டீம் ஜெயித்தால், ஏன் ஜெயித்தது என்று எவனும் கேட்பதில்லை. தோற்றுப் பார்க்கட்டும், மறுநாள் காலையில் டீக்கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் ஒரு காரணத்தோடு வருவான். பெரும்பாலானவர்கள் காரணத்தைச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எவனாவது ஒருத்தன்தான் அந்தக் காரணத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, போகக்கூடாத இடத்துக்கு எடுத்துப்போய், மைக்கில் சொல்வான்.

எங்கள் ஊரில் அந்த ஒருத்தன் நான்.

பெயர் ஜெயசீலன். சித்தூரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஹாக்கி ஸ்டிக்கை வாழ்க்கையில் ஒரே தடவைதான் கையில் பிடித்திருக்கிறேன், அதுவும் வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்க. (பாம்பின் மேல் படவில்லை. டியூப்லைட் உடைந்தது.) ஆனால் ஹாக்கியைப் பற்றிப் பேசச் சொன்னால், கேட்கிறவர்களுக்குக் கால் வலிக்கும்வரை பேசுவேன். பேச்சுதான் என் பிழைப்பு. நல்ல உடம்போடு இருப்பவனிடம் போய் அவன் சாவைப் பற்றிப் பேசி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அவன் வீட்டிலேயே காபியும் குடித்துவிட்டு வருகிறவன் நான். எனவே எந்தச் சபையிலும் எதையும் பேசிச் சமாளித்துவிடலாம் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் டீமின் பெயர் விடிவெள்ளி. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பழைய மிஷன் பள்ளி மைதானத்தில், சரளைக் கல்லிலும் புழுதியிலும் ஆடி வளர்ந்த பையன்கள். அந்த வருஷம் மாவட்ட லீக்கில் சங்கராந்திவரை அவர்களை யாரும் தோற்கடிக்கவில்லை. குப்பத்துக்காரர்கள் வந்தார்கள், தோற்றார்கள். மதனப்பள்ளிக்காரர்கள் வந்தார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் தோற்றுப் போனார்கள். கோப்பையை வைக்க ஒரு கண்ணாடி அலமாரிகூடப் பார்த்து வைத்துவிட்டோம்.

சங்கராந்திக்குப் பிறகு என்ன ஆனதோ, சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தார்கள். நகரியில் தோற்றார்கள். சொந்த மண்ணிலேயே தோற்றார்கள். கடைசியில், சமன் செய்தாலே கோப்பை என்ற நிலையில் திருப்பதிக்குப் போய், அங்கேயும் தோற்றுவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை என்று கேள்வி. அந்தக் குறையை மைதானத்துக்கு எதிரே ரெட்டெப்பா டீக்கடையில் நாங்கள் தீர்த்து வைத்தோம்.

கடையில் முக்கியமாக மூன்று கட்சிகள். முதல் கட்சி, செயற்கைப் புல்தரையைக் குற்றம் சொல்லும் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் குணசேகரன். "டர்ஃபுப்பா, டர்ஃபு! நம்ம பசங்க கல்லுல ஆடிக்கினு இருந்தவனுங்க. திருப்பதில தரை வழவழன்னு கீது. பந்து பிரேக் இல்லாத பஸ்ஸு மாதிரி போவுது. இவனுங்க எங்க புடிக்கிறது?" என்பார்.

"அப்ப நகரில இன்னா டர்ஃபா போட்டு வெச்சிருந்தான்? அங்கியும்தான தோத்தானுங்க?" என்று நான் மடக்குவேன்.

இரண்டாவது கட்சி ரெட்டெப்பா. ஒவ்வொரு வருஷமும் லீக் தொடங்கும் முன் கோல்கீப்பர் முனிரத்தினம் காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவான். அந்த வருஷம் அவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். "தேங்காய் ஒடைக்கல சார், அந்தே!" என்று, அவ்வளவுதான் என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் விவாதம் தேவையில்லை என்பதுபோல் ரெட்டெப்பா பால் ஆற்றப் போய்விடுவார்.

மூன்றாவது கட்சி நான். என் கட்சிக்கு ஆதாரம் இருந்தது.

எங்கள் கேப்டன் எபி. எபினேசர் என்பது முழுப்பெயர். என் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் ஒரே மகன். சென்டர் ஹாஃப் ஆடுவான். முன்னால் தாக்குகிறவனுக்கும் பின்னால் தடுக்கிறவனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் ஓடி, டீமையே தூக்கிச் சுமக்கிற இடம் அது. சங்கராந்தி கழிந்த கையோடு எபிக்கு நிச்சயதார்த்தம் ஆனது. பெண் ஷீலா, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்.

அதற்குப் பிறகுதான் சரிவு. நான் கண்ணால் பார்த்தேன். பந்து பறிபோனால் புலி மாதிரி திரும்பி ஓடுகிறவன், நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களோடு சேராமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு போன் பேசினான். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் கையில் ஒரு பையோடு அவனுக்காகக் காத்திருந்ததைக் குணசேகரனே பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் நடை மாறிவிட்டது. ஒரு காலை மெதுவாக வைத்து, கொஞ்சம் சாய்ந்து, ஊர்வலத்தில் போவதுபோல் நடந்தான். அதற்கு 'மாப்பிள்ளை நடை' என்று பெயர் வைத்தவன் நான்தான். டீக்கடை மொத்தமும் சிரித்தது. ரெட்டெப்பாகூட பாலை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

கோடையில் கல்யாணம். எங்கள் சர்ச்சில் ஆராதனை, பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. எஸ்தர் அக்கா பத்திரிகை வைக்க வந்தபோது, "ஜெயசீலா, டீமு சார்பா நீதான் வாழ்த்திப் பேசணும். உன்ன மாதிரி யாரு பேசுவா?" என்றார். அக்கா உண்மையாகவே நம்பிச் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு சங்கடப்படும்.

ஒரு வாரம் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி விமலா கதவைத் தட்டி, "ரெண்டு வார்த்த பேசுங்க. கர்த்தர் ஆசீர்வதிப்பாராகன்னு சொல்லிட்டு வந்து துன்னுங்க. போதும்" என்றாள். பேச்சுக்கலை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் எங்கள் ஊர், ஒரு பக்கம் திருப்பதி உறவு. முன் வரிசையில் சஃபாரி சூட் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ஓர் அரசுத் துறையின் அதிகாரி. அடுத்த மாதம் அந்தத் துறையின் தேர்வு ஆட்டத்தில் எபி ஆட வேண்டும். அநேகமாக எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. எஸ்தர் அக்கா அவருக்குத் தன் கையாலேயே ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தார்.

போதகர் என் பெயரைச் சொன்னார். நான் மேடை ஏறினேன்.

"அன்பார்ந்தவர்களே, எங்க டீமு ஏன் தோத்துதுன்னு நாங்க மூணு மாசமா மண்டய ஒடச்சிக்கினு இருந்தோம். டர்ஃபுன்னு சொன்னாங்க. தேங்கான்னு சொன்னாங்க. இன்னிக்கித்தான் குற்றவாளி கெடச்சாங்க. தோ, வெள்ளப் பொடவ கட்டிக்கினு மேடையிலியே உக்காந்துகினு இருக்காங்க!"

குணசேகரன் பக்கத்திலிருந்து பலத்த சிரிப்பு. திருப்பதி பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஷை புரியவில்லை போலும் என்று எண்ணி அதையே தெலுங்கிலும் சொன்னேன். (இப்படியாக இரண்டு மொழிகளில் மானம் கெட்ட பெருமை எனக்கு உண்டு.) ஷீலா சிரிக்கத்தான் செய்தாள். அந்தச் சிரிப்போடு நான் இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"சந்தேகம் கீதா? எங்க கேப்டன் எப்பிடி நடந்தாரு தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டதோடு விடாமல் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கையைப் போன் மாதிரி காதில் வைத்து, இடது காலை இழுத்து இழுத்து, சாய்ந்து சாய்ந்து, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து காட்டினேன். பிரமாதமாக நடந்தேன். திரும்பியும் நடந்தேன்.

பாதி வழியில்தான் ஒன்று கவனித்தேன். பின்வரிசையில் விடிவெள்ளிப் பையன்கள் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்திருந்தார்கள். எபி என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் அண்ணா என்கிற ஆட்டல். வெட்கப்படுகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இழுத்து நடந்தேன்.

ஷீலா எழுந்து வந்தாள். புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை என் முன் நீட்டினாள்.

"அண்ணா, மைக்க குடுங்க."

கொடுத்தேன். பதிலுக்குக் கேலி செய்யப் போகிறாள், நல்ல கலகலப்பான பெண் என்றுகூட ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

"அது மாப்பிள்ள நடை இல்லண்ணா" என்றாள். "முட்டி ஜவ்வு கிழிஞ்ச நடை. சங்கராந்திக்கு முந்தின மேட்ச்லயே கிழிஞ்சிது. நிச்சயத்தன்னிக்கி இவரு மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. ஆடாதீங்கன்னு அழுதேன். நான் ஒக்காந்தா பசங்க ஒடஞ்சி போயிடுவாங்க, டீமுக்கு வெளிய யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. மேட்ச் முடிஞ்சதும் போன்ல லவ்வா பேசினோம்? எவ்ளோ வீங்கிகிது, ஐஸ் வெச்சீங்களா, இதத்தான் பேசினோம். பஸ் ஸ்டாண்டுல நான் வெச்சிகினு நின்ன பையில ஐஸும் முட்டி பெல்ட்டும்தான் இருந்துது. ஆபரேஷன் பண்ணலன்னா இவரு இனிமே ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிகிறாரு. ஒத்தக் கால வெச்சிகினு உங்க டீமுக்காக ஆடினாரு. நீங்க அத நடந்து காட்றீங்க."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முன் வரிசையைப் பார்த்தாள். எபியும் பார்த்தான். எஸ்தர் அக்காவும் பார்த்தார். சஃபாரி சூட்டுக்காரர் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

தேர்வு ஆட்டம்வரை எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிடுவது, வேலை கிடைத்ததும் லீவு போட்டு ஆபரேஷன் செய்துகொள்வது என்பது எபியின் திட்டம். அது அந்த டீமுக்கும் ஷீலாவுக்கும் மட்டும் தெரியும். இப்போது மண்டபத்துக்கே தெரிந்துவிட்டது.

நான் மேடையிலிருந்து இறங்கினேன். பயத்தில் கால் இழுத்ததா, நடந்து காட்டிய பழக்கத்தில் இழுத்ததா தெரியவில்லை, நொண்டிக்கொண்டேதான் இறங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. விமலா என்னைப் பார்க்காமல் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். குணசேகரன் எழுந்து கை கழுவப் போய்விட்டார், இன்னும் சாப்பிடவேயில்லை.

அந்த அதிகாரி நல்ல மனிதர். போகும்போது எபியின் தோளில் கை வைத்து, "மொதல்ல கால கவனி பாபு. அடுத்த தடவ பாக்கலாம்" என்றார். அடுத்த தடவை ஆள் எடுத்தபோது எபிக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது.

ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வராந்தா முழுக்க என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போய், கட்டில் அருகே நின்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு! எபிதான் பேசினான்.

"வுடுண்ணா. நீ பேசலன்னா நான் அந்த ட்ரையல்ல ஓடியிருப்பேன். மொத்தமா கால் போயிருக்கும். நல்லதுதான் பண்ண."

"அப்பிடி இல்லடா எபி..."

"அப்பிடித்தாண்ணா."

ஷீலா மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "என்னிக்காவது ஒருநாள் நானே சொல்லியிருப்பேண்ணா. ஆனா என் கல்யாணத்தன்னிக்கி, மைக்குல சொல்லியிருக்க மாட்டேன்."

எபி சொன்னது உண்மையாக இருக்கலாம், எனக்கு ஆறுதலாகச் சொன்னதாகவும் இருக்கலாம். ட்ரையலில் ஓடியிருந்தால் கால் போயிருக்குமா, வேலை கிடைத்திருக்குமா? இதை மட்டும் டீக்கடையில் வைத்து விவாதிக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எபி மறுபடி லீக்கில் ஆடவில்லை. இப்போது திருப்பதி ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் மிஷன் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். ஓடச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பான். விடிவெள்ளி இந்த வருஷமும் கடைசியில் சரிந்தது. குணசேகரன் டர்ஃப் என்றார். ரெட்டெப்பா, "அந்தே!" என்றார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு டீ சொன்னேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் இதனால் நிரந்தரமாக ஒரு சொலவடை வந்து சேர்ந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தாலும், கரண்ட் போனாலும், என் மகள் பரீட்சையில் மார்க் குறைந்து வந்தாலும், நான் காரணம் சொல்ல வாயைத் திறக்கும் முன் விமலா கையை உயர்த்துவாள்: "தெரியும், தெரியும். கல்யாணப் பொண்ணுதான் காரணம்!"

போன கிறிஸ்துமஸுக்கு எபி வீட்டில் சாப்பிட்டோம். கேக் ஒரு பக்கம் கருகிவிட்டது. கொண்டுவந்து வைத்த ஷீலா, நேராக என்னைப் பார்த்து, "சொல்லுங்கண்ணா, காரணம் யாரு?" என்றாள். எஸ்தர் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பு. எபியும் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு தட்டை வைக்க எபி எழுந்தான். எழும் முன் மேசையில் ஒரு கையை ஊன்றி, இடது காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டான். "குடு எபி, நான் எடுத்துக்கினு போறேன்" என்று அவன் தட்டை வாங்கிக்கொண்டு போனேன். கழுவியும் வைத்தேன்.