கத்தி அல்ல, கத்தீப்

சாய்ந்தமருது,
13.03.1982

கனம் பத்திராதிபர் நல்லரெத்தினம் ஐயா அவர்கட்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்துப் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க ஆண்டவனை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே எனக்கு உடம்பு சுகம். பெயருக்குத்தான் சுகமில்லை.

எங்கள் மத்ரஸாத் திறப்பு விழாச் செய்தியில் 'கத்தீப் அபுல் ஹஸன் உரையாற்றினார்' என்று வரவேண்டியது, தங்கள் பத்திரிகையில் 'கத்தி அபுல் ஹஸன்' என்று வந்துவிட்டது. நான் யாரையும் கோபிக்கவில்லை. நாள் முழுக்க ஈய எழுத்துப் பொறுக்குகிற பிள்ளையின் கண்ணும் கண்தானே. கத்தீப் என்றால் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைகளில் குத்பாப் பிரசங்கம் செய்பவர் என்று மரியாதையாக விளக்கி எழுதினேன். தாங்களும் மரியாதையாகத் திருத்தம் போட்டீர்கள்: 'கத்தி அபுல் ஹஸன் என்பவர் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் குத்துபவர் என அவரே எமக்கு அறியத்தந்துள்ளார்.'

ஐயா, அந்த 'அவரே' தான் என்னைக் கவிழ்த்தது.

அன்றைக்கே ஒருவர் கதிர் அறுக்கிற தாக்கத்தியைக் கொண்டுவந்து தீட்டித் தரச் சொன்னார், நான் கத்தி தீட்டுகிறவன் இல்லை என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வீட்டு முனவ்வறா தன் மகனைக் குளிப்பாட்டிப் புதுச்சாரம் உடுத்திச் சுன்னத்து வைக்கக் கொண்டுவந்து நிறுத்தினார், நான் சுன்னத்து வைக்கிற ஒஸ்தா மாமாவும் இல்லை என்று சொல்லி முடிக்குமுன் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கொய்யாமரத்தில் ஏறிக்கொண்டது, அதை இறக்கியெடுக்கவே பகல் போய்விட்டது, சங்கக்கடையில் சீனிக்கு நின்றால் முன்னால் நிற்பவர்கள் விலகி என்னை முதலில் விடுகிறார்கள், எங்கள் வளவுக்குள் ஒரு முழம் வந்திருந்த பக்கத்து வளவு அப்துல் ஸமட்டின் வேலி ஒருவரும் கேளாமலே திரும்பிப் போயிருக்கிறது. மிம்பர் மேடையில் நின்று கத்திக் கத்திச் சொன்னாலும் தூங்குகிறவர்கள், நேற்று கண்ணை இமைக்காமல் இருந்தார்கள். நான் பொறுமையைப் பற்றித்தான் பேசினேன். அதையும் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். என் மகள் நதீராவுக்கு இறக்காமத்தில் காலிதீன் என்ற நல்ல பிள்ளையைப் பேசி முடித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். கத்திக்காரன் வீட்டில் என் மகனை இருக்க விடமாட்டேன் என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லியனுப்பிவிட்டார். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள், அவரிலும் குற்றமில்லை. நதீரா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிப் போகிறாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. என் மனைவி றஹீமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கோழி அறுக்கிறதப் பாக்கேலாம கண்ண மூடுற மனிசன், இவரு ஆரக் குத்தப் போறாரு? அத அந்தப் பேப்பர்ல போடச் சொல்லுங்க."

ஆகவே அதையே போடுங்கள். கோழி விஷயம் வெளியே வந்தாலும் எனக்கு வெட்கமில்லை, என் பிள்ளையின் கல்யாணம் நடந்தால் போதும். அச்சேறுமுன் தாங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

தங்கள் தொழிலில் பரக்கத் பெருகவும், எழுத்துப் பொறுக்குகிற அந்தப் பிள்ளையின் கண்ணொளி குன்றாதிருக்கவும் துஆச் செய்யும்,

கத்தீப் அபுல் ஹஸன்
(க, த், தீ, ப்)

பி.கு.: முத்திரை ஒட்டப்போகும் நேரம் வாசல் கடப்படியில் மாப்பிள்ளை காலிதீன் வந்து நின்றார். உம்மாவுக்குச் சொல்லாமல் இறக்காமத்திலிருந்து சைக்கிளில் வந்திருக்கிறார். வயலில் யானை இறங்காமல் இரவில் காவல் கிடக்கிற பிள்ளை, என்னைக் கண்டதும் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி அதற்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாமா, நீங்க என்ன தொழில் செஞ்சாலும் எனக்குக் காரியமில்ல. நான் நதீராவத்தான் முடிப்பன். உம்மாவ நான் பாத்துக்கிறன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை இருத்தி, நான் வெறும் கத்தீப்தான், மற்றதெல்லாம் அச்சுப்பிழை என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஓம் மாமா, அப்படியே வெச்சிக்குவம். என்ட வாயால ஒண்டும் வெளியே வராது."

உள்ளே நதீரா சிரிக்கிற சத்தம் கேட்டது. திருத்தம் வேண்டாம், ஐயா.