தாய்மாமன் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி

விழுப்புரம்

திண்டிவனத்தில் கோபமாக வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மச்சான் பிரவீன்குமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை கலைப்பிரியாவின் வீட்டுக்காரன் ராஜ்குமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது. முதல் கடி எனக்குத்தான். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபால்காரரை நம்பியிருக்கிறேன்.

புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் பந்தல்காரர் அன்புச்செல்வனுக்கும் சமையல்காரர் சவுரிராயனுக்கும் கீழே உங்கள் பெயர் வந்ததற்குக் காரணம் நாங்கள் அல்ல, மச்சான். கலைப்பிரியா எழுதிய பத்திரிகை ஆப், பெயர்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டது. அதற்கு உறவுமுறை தெரியுமா? நீங்கள் பந்தியில் உட்காராமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆப்புக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. தாய்மாமன் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும். கண்டாச்சிபுரத்திலிருந்து அம்சா என்றொரு அம்மா போன் செய்து, "கூடப் பொறந்தவன் இல்லாதவ புள்ளைக்குக் காது குத்தக்கூடாதாம்மா? ஒரே பேஜாரா இருக்குது" என்று கேட்டார். உடனே கலைப்பிரியா முழு ஆப்பையும் கோட்லின் என்ற புதுக் கணினி மொழியில் மாற்றி எழுத உட்கார்ந்துவிட்டாள். அதில் எது காலியாக இருக்கலாமோ அதற்குப் பக்கத்தில் முன்கூட்டியே கேள்விக்குறி போட வேண்டுமாம். காலியாக இருந்தால் என்ன செய்வது என்றும் எழுத வேண்டுமாம். அவளோ எழுதுவதைவிட அழிப்பதே அதிகம். பக்கம் பக்கமாக இருந்த புரோகிராம் கோடு நாலு வரியாகச் சுருங்கியதும், வேலைதான் போய்விட்டதோ என்று பயந்து விசாரித்தேன். "அழிச்சிக்கினு இருந்தாதாங்க கோடு சுத்தமாவும். நீங்க போயி பாப்பாவுக்குக் கேப்பைக் கூழு ஊட்டுங்க" என்றாள். ஊட்டினேன். பாதிக் கூழை லேப்டாப் குடித்தது.

நேற்று வெள்ளோட்டம். நம் பாப்பாவின் காதுகுத்து விவரங்களையே போட்டு, தாய்மாமன் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். ஆப் மூடவில்லை. 'பரவாயில்லை, தொடரலாம்' என்றது. "வேல செய்யுதுங்க!" என்று கைதட்டினாள். பிறகு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அண்ணன் இல்லாமயே போவுதுங்க" என்று அழ ஆரம்பித்தாள். தேற்றப் போன நானும் அழுதேன். பாப்பாதான் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

ஆவணி முதல் ஞாயிறு காதுகுத்து, மச்சான். உங்கள் மடியில்தான் பாப்பா உட்கார வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் கட்டாயம் ஒன்றுமில்லை. பத்திரிகை எப்படியும் அச்சாகிவிடும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கொல்லையில் மல்லாட்டை இந்த வருஷம் நன்றாகக் காய்க்கட்டும்.

உங்கள் கோபத்துக்கு என்றும் கட்டுப்பட்ட,
ராஜ்குமார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "கட்டாயம் இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். இப்போது நம் பாப்பாவின் பத்திரிகை மட்டும், முதல் வரியில் உங்கள் பெயர் இல்லாமல் நகர மறுக்கிறது. ஒரு பிள்ளைக்கென்று தனிச் சட்டம் போட்டால் கோடு சுத்தமாக இருக்குமா என்று இழுத்தேன். "அசிங்கமான கோடுதாங்க. இருந்துட்டுப் போவட்டும். மத்த புள்ளைங்களுக்கு இல்லாம இருக்கலாம். எம் புள்ளைக்கு மாமன் இருக்காரு இல்ல?"