நாற்காலிக்குப் பூட்டுப் போட்டவர்

சென்னையில் யாரையும் நம்பாத ஆட்கள் ஏராளம். ஆனால் லிஃப்டில் ஏறி, மேலே போகும் பொத்தானை அமுக்கிவிட்டு, "மேலதான் போவுதா?" என்று லிஃப்டிடமே சந்தேகமாகக் கேட்டவர் பூட்டு சார் ஒருவர்தான்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. தரமணியில் நாங்கள் வேலை பார்த்த கூரியர் கம்பெனியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காரணம் அவருடைய நாற்காலி. சைக்கிளுக்குப் போடும் நம்பர் பூட்டுச் சங்கிலியை நாற்காலிக் காலிலும் மேஜைக் காலிலும் டிராயர் கைப்பிடியிலும் சேர்த்து இறுக்கி மாட்டியிருப்பார். டிராயருக்குள் ஒரு நீள நோட்டு. டீ குடிக்கப் போனாலும் பூட்டு, கை கழுவப் போனாலும் பூட்டு. ஏடிஎம்மில் நிற்பவர் மாதிரி முதுகை வளைத்து மறைத்துக்கொண்டுதான் நம்பரைத் திருகுவார்.

நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் என் நாற்காலி காணாமல் போனது.

அந்த ஆபீசில் கழுத்துப் பட்டையின் நிறத்தை வைத்துத்தான் மரியாதை. கம்பெனி ஆட்களுக்கு நீலம். வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து வந்த வெண்டர் கம்பெனி ஆட்களுக்குப் பச்சை. தனியாக ஒப்பந்தத்தில் வந்த உதிரிகளுக்கு மஞ்சள். மஞ்சளில் இரண்டே பேர். எந்த பார்சல் எந்த வேனில் ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராமை எழுதியவர் பூட்டு சார். அதைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பவள் நான். ஏறக்குறைய ஒரே வயதுதான் இருவருக்கும். மேற்கு மாம்பலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அவர் அதற்கும் முன்னால் வந்து நாற்காலியைக் காவல் காத்துக்கொண்டிருப்பார்.

பச்சைப் பட்டைகள் ஒரு திங்கட்கிழமை முப்பது பேராக வந்து இறங்கினார்கள். முதல் வாரம் என் நாற்காலி போனது. அடுத்து எங்கள் வெள்ளைப் பலகை போனது. அதற்கப்புறம் ஒன்பதரை மணி மீட்டிங்கை ஒன்பதேகாலுக்கு மாற்றினார்கள், எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது எல்லோரும் கைதட்டிக் கலைந்துகொண்டிருப்பார்கள்.

"இன்னாத்துக்கு கை தட்றானுங்க தெரியுமா மேடம்? நாம வர்றதுக்குள்ள முடிச்சிட்டானுங்கல்ல, அதுக்கு!"

"சும்மா இருங்க சார். அது அவங்க வழக்கம்."

"நீங்க நம்பிக்கினே இருங்க."

ஒருநாள் பச்சைக்காரர்களின் தலைவன் ஹரீஷுக்குப் பிறந்தநாள். சிரித்த முகமான பையன், எல்லோரையும் அக்கா, அண்ணா என்பான். எங்களுக்கும் இரண்டு துண்டு கேக் வந்தது. பூட்டு சார் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொட்டலம் கட்டி, குப்பைத்தொட்டியில் போடாமல் பையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு சார்?"

"ஆதாரம்."

நான் என் துண்டைச் சாப்பிட்டுவிட்டேன். அதனால் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "வயிறு நல்லா கீதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், சமாதானம்.

கேக் வந்த மறுவாரம் கே.டி. வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கே.டி. என்றால் நமக்குத் தெரிந்ததையெல்லாம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சொல்லிக்கொடுத்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, நடையைக் கட்டுவது. பூட்டு சார் தட்டாமல் ஒப்புக்கொண்டார். தினம் ஒரு மணி நேரம், பின்கோடு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்தும் பின்கோட்டின் இரண்டாவது இலக்கத்தில்தான் நின்றார். வீடியோ எடுத்தால் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பேசினார். பலகையில் போட்ட படத்தை அதே கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையையும் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

"ஒரு கையெழுத்துல என்ன சார் ஆயிடப்போவுது?" என்று கேட்டுவிட்டேன்.

அன்றைக்கு மட்டும் அவர் குரல் இறங்கியது. "அடையாறு ஆத்தோரம் இருந்தோம் மேடம். சும்மா பேரு எழுதுறோம்னு கவர்மெண்ட் ஆளுங்க வந்தானுங்க. எங்க நைனா ஒரே ஒரு கையெழுத்து போட்டாரு. அடுத்த வாரம் வாசல்ல லாரி நிக்குது. சட்டி பானையோட ஏத்தினு போயி ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல எறக்கிட்டானுங்க."

பச்சைக்காரர்கள் பொறுமை இழந்து, புரோகிராமை அவர்களாகவே சுத்தம் செய்யப் புறப்பட்டார்கள். அடையாறு பக்கம் காந்தி நகர், இந்திரா நகர், கஸ்தூர்பா நகர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் மெயின் ரோடு உண்டு. ஊருக்குப் புதிய பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்? ஒரே பெயர் பலமுறை வருகிறது என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டார்கள். மறுநாள் காலை காந்தி நகரில் ஒரு அடுக்குமாடி வாசலில் மூன்று வேன் பார்சல். காவலாளி தன் நாற்காலியோடு அதற்குள் புதைந்துபோய், தொப்பி மட்டும் வெளியே தெரிகிற போட்டோ ஆபீஸ் முழுக்கச் சுற்றியது.

பூட்டு சார் அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாவம், இவருக்கும் ஒரு பூட்டு வாங்கிக் குடுக்கணும்" என்றார்.

பழி எங்கள் தலையில்தான் விழுந்தது. எங்களைக் கூப்பிடாத ஒரு மீட்டிங்கில், மஞ்சள் பட்டைகள் கே.டி.யை முழுசாகக் கொடுக்கவில்லை என்று முடிவானது. வெள்ளிக்கிழமைக்குள் கே.டி. முடிய வேண்டும், அதற்கப்புறம் ஒரு மஞ்சள் பட்டைக்குத்தான் இடம் என்றார் மேனேஜர் அம்மா. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடி அப்போது எட்டு மாதம். என் வேலையும் போனால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஹரீஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, அந்த நோட்டு மட்டும் கைக்கு வந்தா போதும். உங்க காண்ட்ராக்ட் ரினியூவல நான் பாத்துக்கறேன்." முகத்தில் அதே பிறந்தநாள் சிரிப்பு.

புதன்கிழமை மதியம் பூட்டு சார் சாப்பிடப் போனதும் நான் அந்தப் பூட்டைத் தொட்டேன். ஆமாம், தொட்டேன், அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? தொட்ட மாத்திரத்தில் அவர் சொன்ன அந்த லாரி ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். என் இடத்துக்கு வந்து பார்த்தால் விரல் நுனியில் திருநீறு. மனுஷன் பூட்டின்மேல் தூவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! அதே நேரம் அவரும் வந்து நின்றார். என் விரலைப் பார்த்தார். சட்டென்று நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

"இன்னிக்கு இன்னா விசேஷம் மேடம்?"

"பிரதோஷம்."

"அது நேத்தே முடிஞ்சிச்சே."

வியாழக்கிழமை முழுக்க அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாசல் டீக்கடைக்கு வரச்சொன்னார். நான் டீயைத் தொடாமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஹரீஷ் கேட்டது, நான் பூட்டைத் தொட்டது, விட்டது. அழுதும் விட்டேன்.

"தெரியும் மேடம். அவன் உங்களத்தான் கேப்பான்னு கேக் வந்த அன்னிக்கே தெரியும். நீங்க தொட்டுட்டு வுட்டுட்டீங்க பாருங்க, அதான் மேட்டரு." டீயை ஒரு மடக்கில் முடித்தார். "மேனேஜரம்மாவுக்கு மெயில் போட்டுட்டேன். கே.டி. முடிஞ்சிச்சி. வாங்கிக்கினது நீங்கன்னு எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சி. இனிமே அவனுங்க உங்களாண்டதான் வந்து நிக்கணும்."

"அப்போ நீங்க?"

"கிண்டில வேற வேல ரெடியா கீது."

"எந்த கம்பெனி சார்?"

"பெரிய கம்பெனி."

"பேரு?"

முதல் முறையாக அவர் சிரிப்பதைப் பார்த்தேன். "இன்னா மேடம், சந்தேகமா?"

சந்தேகம்தான். இன்றுவரை சந்தேகம்தான். அப்புறம் எத்தனையோ தடவை போன் செய்தேன். கேட்கும்போதெல்லாம் வேலை நன்றாக இருக்கிறது என்கிறார். கம்பெனி பெயரை மட்டும் சொல்வதில்லை.

அன்று பூட்டின் நம்பரைக் கேட்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை போய் நாற்காலி முன்னால் குனிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. நான்கு சக்கரத்திலும் சைபர். சரி, பார்ப்போம் என்று லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. கடையில் வாங்கியபடியே இருந்திருக்கிறது, நம்பரே வைக்கவில்லை. அத்தனை வருஷமும் முதுகை வளைத்துத் திருகியதெல்லாம் வெறும் நடிப்பு. அந்தப் புதன்கிழமை நான் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் நோட்டு என் கையில். அது அவருக்கும் தெரியும்.

நோட்டில் தெருத் தெருவாக, எந்த மெயின் ரோடு எந்த நகர் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் மட்டும் பெரிதாக ஒரு வரி: 'மேடம், யார் கேக் கொடுத்தாலும் யோசித்துச் சாப்பிடவும்.'

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்கிறேன். ஹரீஷ் முதற்கொண்டு எல்லாப் பச்சைகளும் என்னிடம்தான் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். டீ குடிக்கப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போகிறேன், முதுகை வளைத்துக்கொண்டுதான். நம்பரை மட்டும் மாற்றவில்லை. என்றாவது ஒருநாள் அவர் வந்து நின்றால், தன் நாற்காலியைத் திறக்க என்னைக் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.