இரண்டு பேருக்குப் பச்சப்புளி ரசம்

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலை பாக்கியசாமி ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்தாறு வருடம் பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த மனிதர். தண்ணீர் குடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் சமையலறைக்குள் நுழையாதவர். அவர்தான் இனி இந்த வீட்டில் சமையல் தன் பொறுப்பு என்று முடிவெடுத்தார்.

பசியினால் அல்ல. சோறு இருந்தது. விடியும்போதே மனைவி சூசைமேரி எல்லாவற்றையும் ஆக்கி, மூடி வைத்துவிடுவாள். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அந்த ஓய்வு தனக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டு ஒரு நாடகம் எழுதிவிட்டாள். எழுதியதோடு விடவில்லை. புலியகுளத்தைச் சுற்றிப் பதினோரு பெண்களைத் திரட்டி, ஒரு கூடத்தைப் பிடித்து, நான்கு மாதமாக ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்குப் பாக்கியசாமி தட்டு வைப்பார். மூடியைத் திறப்பார். எதிர் நாற்காலியைப் பார்ப்பார். அது அவரைப் பார்க்கும். சாப்பிட்டு முடிக்க ஏழு நிமிடம் ஆகும்.

முன்பெல்லாம் கோடை இப்படி இருந்ததில்லை. அவளுக்குப் பள்ளி விடுமுறை. அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கம்பெனியிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவார். வெயிலுக்குப் பயந்து அவள் அதிகம் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். சோறு வடித்தால் சரி. புளியை ஊறவைத்துக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கொத்துமல்லி எல்லாவற்றையும் அதிலேயே கையால் நசுக்கிப் பிசைந்து, ஒரு துளி வெல்லம் போட்டு வைப்பாள். கொதிக்காத ரசம். பச்சப்புளி ரசம். கூடவே சுட்ட அப்பளம், ஒரு கீற்று மாங்காய். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். உள்ளே இவர்கள் இரண்டு பேர். அவர் தட்டில் கால்வாசி இருக்கும்போதே அவள் கரண்டியை எடுப்பாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

அந்த மூன்று வார்த்தையைக் கேட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது. அவர் எடுத்த முடிவுக்கு அதுதான் காரணம். வெளியே சொல்ல முடியுமா? அறுபத்தேழு வயது.

"மேரி, நாளையிலிருந்து நீ காலையில எந்திரிச்சு ஆக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

சூசைமேரி பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி வசனத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். "எதைங்க?"

"சமையலை."

"யாருக்குங்க?"

"நமக்குத்தான். வெயில் காலத்துல பெருசா என்ன வேணும்? ரசம், மோரு, வெள்ளரிக்கா. ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்க."

"ஒரு மணிக்கு நீ ஊட்டுக்கு வந்து சாப்பிடோணும்."

அவள் மறுப்பாள் என்று நான்கு பதில்களைத் தயாராக வைத்திருந்தார். நான்கும் வீணாகப் போயின.

"சரிங்க," என்றாள்.

நாற்பது வருட தாம்பத்தியத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒரு 'சரிங்க' வந்ததே இல்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் புளியைத் தராசில் நிறுத்தார். வெங்காயத்தை ஒரே அளவாகப் பொறுக்கினார். வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்காததுதான் பாக்கி. பிசைந்த கையோடு மறந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்து நிமிடம் குழாயடியில் நின்றார். ஆனாலும் ஒரு மணிக்குத் தட்டு இரண்டு இருந்தது. அவளும் வந்தாள். சாப்பிட்டாள். "நல்லாருக்குங்க" என்றாள். தட்டுக்குப் பக்கத்தில் நாடகப் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். பரவாயில்லை. வந்தாளே.

இரண்டாம் நாள் அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"இது அன்புக்கரசி. கதாநாயகி. இது யுஸ்ரா, காலேஜ்ல படிக்குது, மகளா நடிக்குது. வெயில்ல எங்கீங்க போவாங்க, பாவம்."

"கும்பிடறேனுங்கண்ணா. ஒறம்பரையா வந்துட்டமுங்க," என்றாள் அன்புக்கரசி.

விருந்தாளி என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பவர்களை என்ன செய்ய முடியும்? "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று அவர் வாய் தானாகவே சொல்லியது. கோயம்புத்தூரில் பிறந்த வாய். அது அவர் பேச்சைக் கேட்காது.

அடுத்த வாரம் ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் பதினோரு பேர். சூசைமேரி ஒருநாள் வெகு இயல்பாகச் சொன்னாள்: "ஏனுங்க, அந்தக் கூடத்துல தகரக் கூரை, வேகுதுங்க. சாப்பாடு எப்படியும் இங்கதானே? ஒத்திகையையும் இங்கியே வெச்சுக்கலாமா? நானும் ஊட்டுலயே இருப்பேன் பாருங்க."

நானும் ஊட்டுலயே இருப்பேன். அதற்குப் பிறகு அவர் என்ன மறுப்பது?

அப்படித்தான் அவள் நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். அவர் நாள் முழுக்கச் சமையலறைக்குள் போய்விட்டார். நடுவில் ஒரு சுவர். முன்பு அவள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அப்போதுகூட இவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. ஒரு குண்டா நிறையக் கம்மங்கூழைக் கரைத்தபடி அவர் சுவருக்கு அப்பால் கேட்கும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் முன்னறையில் அன்புக்கரசி வசனம் சொன்னாள். எஸ்டேட்டில் தேயிலை கிள்ளிவிட்டு வந்தவள், நின்றபடியே கணவனுக்குப் பரிமாறும் காட்சி.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

பாக்கியசாமியின் கை கூழுக்குள் அப்படியே நின்றது.

"அப்படி இல்ல கண்ணு," என்றது சூசைமேரியின் குரல். "நீ கேக்கறே. கேக்கப்படாது. அவன் வேண்டாம்னு சொல்றதுக்கு மிந்தி கரண்டி தட்டுக்கு மேல போயிருக்கோணும். இப்ப பாரு."

பிறகு அவளே சொன்னாள். மெதுவாக. கொஞ்சம் இழுத்து. அவருக்குத் தெரிந்த அதே இழுப்பு.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

"போதும் மேரி," என்று சமையலறையிலிருந்து பாக்கியசாமி சொல்லிவிட்டார்.

முன்னறையில் பன்னிரண்டு பேர் சிரித்த சிரிப்பில் காக்காய் பறந்தது. "அங்கிள், டைமிங் சூப்பருங்க!" என்று யுஸ்ரா கத்தினாள். காது சூடாக, அவர் கூழை வேகமாகக் கலக்கினார்.

அன்று மாலை மதில் சுவர் பக்கமாகப் போய்ப் பக்கத்து வீட்டு அப்துல் நாசரிடம் முறையிட்டார். நாசர் பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தை இறக்கிவிடுவதில் அனுபவசாலி.

"பாய், ஊடு ஊடா இல்ல. சத்திரமாப் போச்சு."

"சோறு நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுன்னுதான் சொல்றாங்க."

"அதுதான் தப்பு. உப்பை அள்ளிப் போடுங்க. மொளகாயை எண்ணாம போடுங்க. மறுநா ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்களும் அம்மணியும்தான்."

"பாவமில்லீங்களா?"

"உங்க கஷ்டத்தை விடவா?"

மறுநாள் ரசத்தில் மிளகாயை எண்ணவில்லை. உப்பு இரண்டு கை. புளி மூன்று உருண்டை. தானே நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினோரு தட்டிலும் ஊற்றினார். சூசைமேரிக்கு மட்டும் தனியாக எடுத்துவைத்த நல்ல ரசம்.

எல்லோரும் முதல் கவளத்தை வாயில் வைத்தார்கள். அன்புக்கரசியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னாச்சுங்க அம்மணி?" என்றார் பாக்கியசாமி, ஆவலை அடக்கிக்கொண்டு.

"எங்கம்மா ஞாபகம் வந்துருச்சுங்கண்ணா," என்றாள் அன்புக்கரசி மூக்கை உறிஞ்சி. "இதே கைப்பக்குவமுங்க."

"செம டேஸ்டுங்க அங்கிள்," என்றாள் யுஸ்ரா. முகம் தக்காளி. "தண்ணி மட்டும் கொஞ்சம்... இல்ல, அந்தச் செம்பையே குடுத்துருங்க."

சமைத்தவர் முன்னால் குறை சொன்னால் அவர் மனசு நொந்துபோகும் என்று பதினோரு பேரும் நினைத்தார்கள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மறுசோற்றுக்குக்கூட இரண்டு பேர் கை நீட்டினார்கள். இந்த ஊர் மரியாதையை உப்பால் வெல்ல முடியாது.

சூசைமேரி மட்டும் எழுந்து நின்றாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவள் கண் பளபளத்தது.

"இந்த அழுகைதான் கண்ணு! ரெண்டாங்காட்சிக்கு இதைத்தான் இத்தனை மாசமாத் தேடறேன். யாரும் கண்ணத் தொடைக்காதீங்க. எந்திரிங்க, அப்படியே போலாம்!"

கையைக் கழுவியும் கழுவாமலும் பதினோரு பேர் அழுதுகொண்டே முன்னறைக்கு ஓடினார்கள். அன்றைக்கு இரண்டாம் காட்சி பிரமாதமாக வந்ததாம். பாக்கியசாமி பாத்திரம் துலக்கினார்.

மாலையில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "நாளைக்கு உப்பு ஒரு கை போதுமுங்க."

அவ்வளவுதான். அவருக்குள் ஏதோ விட்டுப்போனது. துலக்கிய குண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேரி, எனக்குச் சமைக்கோணும்னு ஆசையெல்லாம் கிடையாது. ஒரு நாள். ஒரே ஒரு நாள் மத்தியானம். நீயும் நானும் உக்காந்து சாப்பிடோணும். வேற யாரும் வேண்டாம். அந்த நோட்டும் வேண்டாம். அதுக்குத்தான் இவ்வளவும் செஞ்சுபோட்டேன்."

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை," என்றாள். "யாரையும் வரச்சொல்லலீங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். சோறு வடித்தார். புளியைக் கரைத்துக் கையாலேயே பிசைந்தார். இந்த முறை தராசு இல்லை. எவ்வளவு என்பது கைக்குத் தெரிந்திருந்தது. அது எப்போது தெரிய ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. அப்பளத்தைச் சுட்டார். மாங்காயைக் கீறினார். தட்டு இரண்டு.

அவள் வந்து உட்கார்ந்தாள். நோட்டு இல்லை. பேனா இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தவள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னைவிட நல்லா வெக்கறீங்க," என்றாள்.

பொய் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் தலையைக் குனிந்து மாங்காய்க் கீற்றைக் கடித்தார். கரண்டி அவர் தட்டுக்கு மேல் வந்ததை அவர் பார்க்கவே இல்லை. சோறு விழுந்த பிறகுதான் பார்த்தார். குரல் வந்தது. இழுப்போடு. இத்தனை மாத வெயில் ஒரு நொடியில் தணிந்த மாதிரி இருந்தது.

"ஏனுங்க," என்றாள் அவள், அப்பளத்தை நொறுக்கியபடி. "வால்பாறைக்குப் போலாமுங்களா? பத்து நாள். நான் பொறந்த எஸ்டேட்டு. தங்க எடமும் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க கூட வந்தாத்தான் எனக்கு ஆகுமுங்க."

கல்யாணமான வருடத்திலிருந்து அவர் கேட்டது. பள்ளிக்கூடம், குழந்தைகள், பரீட்சைத் தாள் என்று ஒவ்வொரு கோடையும் தள்ளிப்போனது. பனி. தேயிலை வாசம். அவளும் அவரும் மட்டும். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை.

"எப்ப?" என்றார்.

"வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வண்டி ஊட்டுக்கே வருமுங்க."

வெள்ளிக்கிழமை ஆறரைக்கே அவர் தயார். இரண்டு ஸ்வெட்டர். ஒரு ஃபிளாஸ்க்கில் டீ, இரண்டு டம்ளர். அவளுக்கு ஜன்னலோரம் என்று மனதுக்குள் இடம்கூடப் பிடித்துவிட்டார். ஏழு மணிக்கு ஹாரன் அடித்தது. கேட்டைத் திறந்தார்.

வேன் நிறையப் பெண்கள். பதினோரு பேரும் ஒரே குரலில்:

"வணக்கமுங்க!"

வேனின் கூரைமேல் அரிசி மூட்டை, அடுப்பு, கேஸ் சிலிண்டர். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பாக்கியசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பத்து நாள் நாடகம். எழுத்து, இயக்கம்: சூசைமேரி. கதாநாயகி: அன்புக்கரசி. கடைசி வரி: சமையல்: பாக்கியசாமி.

"இது எப்ப அடிச்சது?" என்றார்.

"ஈஸ்டருக்கு மிந்தியேங்கண்ணா," என்றாள் அன்புக்கரசி வெள்ளந்தியாக. "டீச்சர் அப்பவே சொன்னாங்க. மலைமேல வெச்சு எளிசா ஆக்கறதுக்கு ஊட்டுலயே ஆள் இருக்குது, இன்னும் சமையல்தான் தெரியாது, ரெண்டு பேர், அஞ்சு பேர்னு படிப்படியா ஏத்திப் பழக்கிப்போடறேன்னாங்க."

பாக்கியசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"எங்கம்மா கொழுந்து கிள்ளுன எடத்துல என்ற நாடகம் நடக்கப்போகுதுங்க," என்றாள். "நீங்க இல்லாம நான் போவனா?"

அவர் வேனில் ஏறினார். பின்னால் ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. நல்லவேளை. ஜன்னலோரம் தான் உட்காராமல், அந்த இடத்தை அவளுக்காகக் கைக்குட்டையால் துடைத்து வைத்தார்.

"ஏனுங்க, இதுக்குத்தான் எடமே இல்ல, மேல வெச்சா உருண்டுபோடும்," என்று சூசைமேரி இருபது படிச் சோறு வேகும் அலுமினிய அண்டாவைக் கொண்டுவந்து, துடைத்த இடத்தில் வைத்தாள். "புடிச்சுக்குங்க. நான் முன்னால உக்காந்து புள்ளைங்களுக்கு வசனம் சொல்லிக்குடுத்துட்டு வாரேன்."

ஆழியாறு தாண்டியது. முதல் கொண்டை ஊசி வளைவில் வேன் திரும்பியபோது, அண்டா மெல்ல வந்து அவர் தோளில் சாய்ந்தது.

இன்னும் முப்பத்தொன்பது வளைவு இருந்தது.