சுருக்கர் சுருக்காதது

டென்மார்க்கில் வாயை இவ்வளவு சிக்கனமாகத் திறந்த இன்னொரு தமிழர் இருந்திருக்க முடியாது. பிராண்டேயில், காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில், பதினொரு வருடம் அவருக்கு எதிரில் இருந்து சாப்பிட்டேன். நாங்கள் வைத்த பெயர் சுருக்கர்.

இங்கு வருவதற்கு முன் கொரியாவில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஒரு சூட்கேசும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். நீளமான தொழிற்சொல்லைக் கண்டால் வெள்ளைக்காரர் முதலெழுத்துகளைப் பொறுக்குவார்கள். கொரியர்களோ ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசையை, பெரும்பாலும் முதல் அசையை, எடுத்து ஒட்டுவார்கள். தொழிற்சங்கம் ‘நோதோங் ஜோஹாப்’. பேச்சில் அது ‘நோஜோ’.

“முதலெழுத்தைச் சேர்த்தா கார் நம்பர் மாதிரிக் கிடக்கும். இதெண்டா வாயால சொல்லலாம்” என்பார்.

டேனிஷ் அவருக்கு வாய்ப்பான மொழி. பாதுகாப்புப் பிரதிநிதியின் பதவிப்பெயர் ‘ஆர்பைட்ஸ்மில்யோரெப்ரெசென்டன்ட்’. சுருக்கர் அந்த மனிதரை ‘ஆர்மிரெ’ என்று கூப்பிட்டார். அது தமிழ் வணக்கம் என்று நினைத்த அவர், ஒரு வருடம் எங்கள் எல்லோருக்கும் தலைகுனிந்து ‘ஆர்மிரெ’ சொன்னார்.

இன்னொருநாள் வெற்றிடப் பம்பில் கசிவு, டேனிஷில் ‘வாக்கும்பும்பெ லெக்கேஜ்’, என்பதைப் பலகையில் ‘வபுலெ’ என்று எழுதிவைத்தார். புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் என்று எண்ணிய மேற்பார்வையாளர் வபுலெயை வேலைப் பட்டியலில் போட்டார். வெள்ளிக்கிழமை, வேலைக்கு வராத வபுலெக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது.

ஆட்களின் பெயரை மட்டும் அவர் வெட்டவில்லை. தொழிற்சாலைக்கு நான் ‘ஞான்’. மனைவிக்குக்கூட ‘சேகர்’. சுருக்கர் மட்டும்தான் “ஞானசேகரம், உப்பைத் தாரும்” என்பார். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

“நீர் என்ன பம்போ, சுருக்க?”

போன வசந்தத்தில் நுரையீரல் அவரைக் கைவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் அழைத்தாள். அப்பா விளங்காமல் கதைக்கிறார் என்றாள், பாதி டேனிஷில். ஒக்சிசன் குறைந்து மூளை குழம்பிவிட்டது என்று வைத்தியர்கள் எண்ணினார்கள். மறுநாள் முகத்தில் மாஸ்க் இறுக்கிப் பெரிய மூச்சு இயந்திரத்தில் போடுவதாக முடிவு. அவர் தெளிவாக மறுத்தால் மட்டும் விடுவார்களாம். படம் காட்டிப் பேசும் அட்டையைக் கொடுத்தார்கள், தள்ளிவிட்டார்.

நான் போனபோது மகள் ஒரு தாளை நீட்டினாள். காலையிலிருந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்ன நான்கு அசைகள்: மா, வே, வீ, போ.

“மாஸ்க் வேண்டாம், வீட்டை போவம்” என்று வாசித்தேன்.

“அதுவோ அப்பா?”

அவர் ஓம் என்று தலையசைத்தார். வைத்தியர் மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் அதே பதில். பின்னேரமே அம்புலன்ஸில் பிராண்டேக்குக் கொண்டுபோனோம்.

“வாறன், சுருக்கர் அண்ணை” என்று அங்கே எழுந்தேன். கையைப் பிடித்தார். அப்போது அவருக்கு ஒரு மூச்சுக்கு ஓர் அசைதான்.

“ஞா” என்றார். காத்திருந்தார். “ன.”

போதும் அண்ணை என்றேன். கேட்கவில்லை. ‘ரம்’ வரும்வரை ஐந்து மூச்சு.

மூன்றாம் நாள் போய்விட்டார். அவருடையதும் ஐந்தசைப் பெயர்தான். எனக்கு மூச்சுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஒருநாளாவது அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.