ஆகாயத்தாமரையை அகற்ற வந்த மெஷினைத் திருப்பி அனுப்பியது குறித்து

மாப்பிள்ளை தனசேகரன் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து மாமனார் கந்தசாமி வணக்கத்துடன் எழுதுவது. என் உடம்புக்குக் குறையில்லை. அங்கு நீங்களும் சுகன்யாவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லத் தைரியம் வராததால் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. நம் நிலத்துக் குட்டையை மூடிய ஆகாயத்தாமரையை அகற்ற, நீங்கள் லீவு போட்டு அலைந்து கேட்ட அரசு மானியம் கிடைத்துவிட்டது.
2. செடியை வாரிப்போட வந்த மெஷினை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.
3. அதற்குக் காரணம்.
4. அந்தச் செடியால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை என்பதற்கு விளக்கம்.
5. மன்னிப்பு. (இது இரண்டாவதற்கு முன் வந்திருக்க வேண்டும்.)

செவ்வாய்க்கிழமை வேளாண்மை அதிகாரி திலகவதி அம்மா மெஷினோடு தேவிகாபுரம் ரோட்டு நிலத்துக்கு வந்தார். வேலைக்கு முன் செடியும் பயனாளியும் சேர்ந்து ஒரு போட்டோ வேண்டுமாம். கரையில் நின்றேன். "சிரிங்க ஐயா" என்றார். நம் நிலத்தைக் குத்தகைக்கு உழும் துரைக்கண்ணு பின்னாலிருந்து, "சாவு வூட்ல போட்டோ புடிக்கிற மாதிரி நின்னுகினு இருக்காரு, எங்கம்மா சிரிப்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் போலிருக்கிறது, போட்டோ சரியாக வந்துவிட்டது, மெஷின் கையை நீட்டியது, உடனே நான் போய் அதன் முன்னால் நின்றுகொண்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்கே, இன்னொரு நாள் பார்க்கலாமா" என்றேன். அப்போது காலை எட்டு மணி. துரைக்கண்ணு துண்டை உதறி, "இன்னா ஐயா இது, காசும் கவர்மெண்டு காசு, மெஷினும் கவர்மெண்டு மெஷினு. மோட்டார் வாயில வேர் அடைச்சிகினு நாத்து காஞ்சிகினு கெடக்குது, உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றான். மெஷின் திரும்பிப் போகும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

உங்கள் கல்யாணப் புடவைக்கு உங்கள் அத்தை, என் ரேணுகாம்பாளுக்கு எந்த ஊதாவும் பிடிக்கவில்லை. வந்தவாசி போகும் வழியில் ஏரியில் இந்தப் பூவைப் பார்த்து, சாயக்காரரிடம் மாதிரி காட்ட, வேரோடு ஒரு வாளித் தண்ணீரில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் வாளிக்கு லக்கேஜ் போட்டார். "பூ மட்டும் போதாதா?" என்றேன். "வாடின பூவைக் காட்டினா வாடின கலர்தாங்க வரும்" என்றாள். நிறம் அப்படியே விழுந்தது. மிச்சச் செடியை, உயிருள்ளதை எறியக் கூடாதென்று குட்டையில் விட்டாள். அவள் போன பிறகு அவள் வைத்தது எதுவும் வீட்டில் பிழைக்கவில்லை. துளசிகூடக் காய்ந்துவிட்டது, நான் தண்ணீர் ஊற்றுவதில் ஏதோ பிழை. இது ஒன்றுதான் நான் எதுவும் செய்யாமலே பெருகுகிறது.

நான்காவதாக, அந்தச் செடி தண்ணீரை வெயிலிலிருந்து காக்கிறது என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

மானியத்தை வேண்டாமென்று சொல்லும் வழியைத் தெரிவிக்கவும். கோபம் ஆறிய பிறகு தெரிவித்தால் போதும். குழந்தை தேவிப்ரியா நன்றாகச் சாப்பிட்டு வளரட்டும். சுகன்யாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு, உங்கள் மன்னிப்பை வேண்டும்
கந்தசாமி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று மத்தியானம் துரைக்கண்ணுவின் கன்றுக்குட்டி, பச்சையைப் புல்தரை என்று நம்பிக் குட்டைக்குள் இறங்கிவிட்டது. அவன் பின்னாலேயே குதித்தான். வேரில் அவன் கால் சிக்கிக்கொண்டது. நாலு பேர் கயிறு போட்டு இருவரையும் இழுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஈரத்தோடு உட்கார்ந்து கன்றைத் துடைத்துக்கொண்டே, "ஜல்தி போனைப் போடுங்க ஐயா" என்றான், அவ்வளவுதான். திலகவதி அம்மாவுக்குப் போட்டேன். காலையில் மெஷின் வருகிறது. இக்கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் குட்டையில் தண்ணீர் தெரியும். மேலே நான்காவதாக எழுதியது தவறு.